இடிந்த சுவரின் புனிதம்

புனிதம் கட்டடத்தில் தங்குகிறதா, அங்கே கூடித் தொழும் மக்களோடு வந்து அவர்களோடு நீங்கிவிடுகிறதா என்ற கேள்வி, கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவிலுள்ள கடவும்பாகம் ஜெபஆலயத்தின் முன் ஏட்டளவில் நில்லாமல் கண்ணெதிரே எழுகிறது. கேரளக் கடற்கரையில் நெடுங்காலம் வாழ்ந்து மலையாளம் பேசிய மலபார் யூதர்கள் 1544இல் எழுப்பியதாகக் கருதப்படும் இக்கூடம், அதே தெருவில் 1568இல் கட்டப்பட்டு இன்றும் பயணிகள் திரளும் பரதேசி ஜெபஆலயத்துக்கு மூத்தது. யூதர்களின் திருநூலான தோராவை வாசிப்பதற்கு நடுக்கூடத்தில் ஒரு மேடையும், பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னே மேல்மாடத்தில் இன்னொரு மேடையும் அமைப்பது கேரள யூதர்களின் தனி வழக்கம். அம்மேடைகளுக்கு மேலே, அண்டைக் கோயில்களின் மரவேலையை ஒத்துத் தாமரை செதுக்கிய கூரை விரிந்திருந்தது.

1950களில் அம்மக்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்குக் குடிபெயர, கட்டடம் கைமாறிச் சரக்குக் கிடங்காயிற்று. உள்ளிருந்த மரவேலைகளை 1991இல் ஜெருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகம் பெற்று, 1995 முதல் காட்சிக்கு வைத்தது. எஞ்சி நின்ற சுவர்களில் ஒரு பகுதி 2019இல் மழையில் சரிந்தது.

புனிதம் எங்கே தங்குகிறது என்ற கேள்விக்கு யூதச் சட்டமரபு இரு குரல்களில் விடை தருகிறது. பொ.ஆ. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் வாய்மொழிச் சட்டத் தொகுப்பு, ஜெபஆலயத்தை விற்கலாம், ஆனால் அந்தப் பணத்தில் அதனினும் புனிதமானதையே வாங்க வேண்டும் என்கிறது. அவ்வாறாயின் புனிதம் மக்களோடு இடம்பெயரக்கூடியது. அதே நூலில் ரபி யூதா என்னும் சட்ட அறிஞர், பாழான ஜெபஆலயத்திலும் கயிறு திரிக்கவோ வலை விரிக்கவோ கூடாதென்றும், அங்கே முளைத்த புல்லைக் காண்போர் துயருறும்பொருட்டுப் பிடுங்காமல் விட வேண்டுமென்றும் விதிக்கிறார். பாழடைந்த பின்னும் தொழுமிடங்களைத் தோராவின் லேவியராகமம் புனிதத் தலங்கள் என்றே அழைப்பது அவருக்குச் சான்று. கயிறும் வலையும் அன்றாடப் பிழைப்பாகிய கொச்சிக் கரைக்கென்றே சொன்னதுபோல் இவ்விதி ஒலிக்கிறது.

செதுக்குவேலை அழியாமல் காத்த அருங்காட்சியகத்தின் பணி போற்றத்தக்கது. ஆயினும் ரபி யூதா காக்கச் சொன்னது அழகை அன்று, இழப்பின் உணர்வை. அது கூரையோடு கடல் கடந்து போகவில்லை, தொழுகை நடந்த மண்ணிலேயே கிடக்கிறது. தொழுதவர்கள் தொலைவில் இருக்க, அந்தத் துயரத்தைச் சுமக்கும் கடமை இன்று அத்தெருவில் கடை வைத்துப் பிழைக்கும் பிற சமயத்தாரையே சேர்கிறது.