மதங்களை நிறுக்கும் தராசு

வியாபாரிகளாகிய நமக்குத் தராசைப் பற்றி எவரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. தான் வாங்கும்போது நிறைவாக அளந்துகொண்டு, பிறருக்கு அளக்கும்போது குறைத்துவிடுபவனைத் திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம் கடுமையாகக் கண்டிக்கிறது. அந்தக் கண்டனம் அரிசிக்கும் பருப்புக்கும் மட்டுந்தானா? பிற மதங்களைப் பற்றி நாம் பேசும் பேச்சுக்கு அது பொருந்தாதா?

கடையடைக்கும் நேரத்தில் நான்கு பேர் கூடினால் மதங்களை ஒப்பிட்டுப் பேசுவது வழக்கம். அப்பேச்சில் நம் மார்க்கத்துக்காக அதன் போதனையைத் தட்டில் வைக்கிறோம். பிறர் மதத்துக்கோ அதைச் சேர்ந்த யாரோ ஒருவனின் குற்றத்தை வைக்கிறோம். பிறரும் நம்மைப் பற்றிப் பேசும்போது அவ்வாறே செய்கின்றனர். இந்த நிறுவை எப்படி நேராகும்?

சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போம். 1025-இல் சைவரான முதலாம் இராசேந்திர சோழரின் கப்பற்படை கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் தாக்கிச் செல்வங்களை அள்ளிச் சென்றது. 1311-இல் டில்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூர் மதுரை வரை வந்து யானைகளையும் பொன்னையும் வாரிச் சென்றார். 1511-இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடித்தனர். அதை இழந்த அரச குடும்பமே பின்னர் நம் ஜொகூர் சுல்தான் ஆட்சியை நிறுவியது. மூன்று படைகள், மூன்று மதத்தினர். மலாக்காவைக் கிறிஸ்தவத்தின் பற்றிலும், மதுரையை ஒரு தளபதியின் பேராசைக் கணக்கிலும் எழுதினால் அது கள்ளக் கணக்கேயாகும்.

மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1006 வாக்கில் ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு, சைவரான இராசராச சோழர் ஆனைமங்கலம் என்ற ஊரையே தானமாக விட்டார். நாகூர் தர்காவின் பெரிய மனோராவைப் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டித் தந்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். மலாக்காவில் நம்மவர் 1748-இல் அமைத்த கம்போங் கிளிங் பள்ளிவாசலுக்கு அருகிலேயே, 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலும் அதற்கும் முந்திய செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் இன்றும் நிற்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விகாரத்துக்கு ஊரைக் கொடுத்தவர் தந்தை; படை அனுப்பியவர் மகன். இடையே சைவ வேதம் மாறவில்லை; அரசனின் நோக்கமே மாறிற்று. ஆகவே, வாளை மட்டும் கண்டு ஒரு மதத்தை இகழ்வதும், தானத்தை மட்டும் கண்டு மெச்சுவதும் அரைகுறை நிறுவையே. வேதத்தை வேதத்தோடும், நடத்தையை நடத்தையோடும் வைத்து நிறுக்க வேண்டும்.

அவ்வாறு நிறுத்த ஒரு முஸ்லிம் பேரறிஞர் உண்டு. கஜினி மஹ்மூதின் படைகள் இந்தியாவில் புகுந்த அதே காலத்தில், அல்பிரூனி சமஸ்கிருதம் கற்றார், பண்டிதர்களிடம் கேட்டறிந்தார். இந்துக்களின் கொள்கைகளை அவர்கள் சொல்கிறபடியே 1030 வாக்கில் அரபியில் எழுதி வைத்தார். அதனால் அவருடைய ஈமானுக்கு ஒரு குறைவும் வரவில்லை. மஹ்மூதின் சாம்ராஜ்யம் என்றோ மறைந்தது. அல்பிரூனியின் நூலை உலகம் இன்றும் படிக்கிறது.

அப்படியானால் எல்லா மதங்களும் ஒன்றே என்று சொல்வதா? இல்லை. ஏக இறைவன் மீது நாம் கொண்ட நம்பிக்கை உறுதியானது. அதில் பேரம் கிடையாது. ஆனால் தன் சரக்கு நல்லதென்று நம்பும் வியாபாரி நேரான தராசுக்கு அஞ்சமாட்டான். கள்ளப் படிக்கல்லைத் தேடுகிறவனுக்குத் தன் சரக்கின் மீதே சந்தேகம் இருக்கிறது என்றுதான் பொருள்.

சகோதரர்களே! இக்கடற்கரைகளுக்கு இஸ்லாம் பெரும்பாலும் வணிகர்களோடுதான் வந்தது. ஜொகூர் பாருவில் பள்ளிவாசலும் அம்மன் கோயிலும், ஜாலான் துருஸில் உள்ள பழைய சீனக் கோயிலும் குருத்வாராவும் நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. அங்கெல்லாம் செல்பவர்கள் நம் கடைக்கும் வருகிறார்கள். அவர்களில் பலர் திருமறையை ஓதியவர்கள் அல்லர். அவர்கள் காண்பது நம் நாணயத்தை. கேட்பது, அவர்கள் படியிறங்கிய பிறகும் அவர்களைப் பற்றி நாம் பேசும் பேச்சை. நம் பிள்ளைகளும் கல்லாவின் அருகே நின்று அதையே கேட்கிறார்கள்.

சரக்கை நிறுக்கும் தராசு நேராக இருந்தால் போதாது. நாவின் தராசும் நேராக இருக்க வேண்டும். வல்ல அல்லாஹ் அதற்கு நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.