மூலமும் மொழிபெயர்ப்பும்

அகிலங்களைப் படைத்துக் காக்கும் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அவனுடைய சாந்தியும் அருளும் நம் உயிரினும் இனிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாகட்டுமாக!



“அரபு தெரியாத நாம் தர்ஜுமாவை மட்டும் படித்தால் போதாதா?” என்று கேட்போர் நம்மிடையே உண்டு. “தர்ஜுமாவே வேண்டாம், அரபியில் ஓதினால் நன்மை எழுதப்படும், அது போதும்” என்று சொல்வோரும் உண்டு. இரண்டுக்கும் விடை தேடுமுன், வேதக்காரர்களான கிறிஸ்தவர்களிடையே நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு விவாதத்தைச் சற்று கவனிப்போம். அவர்களை எள்ளி நகையாடுவதற்காக அன்று. நாம் படிப்பினை பெறுவதற்காகவே. வேதக்காரர்களுடன் அழகிய முறையிலன்றி விவாதிக்கலாகாது என்பது அல்லாஹ் நமக்கு இட்டுள்ள கட்டளையன்றோ!

1604-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஜேம்ஸ் மன்னர் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் தம் நாட்டுச் சமயத் தலைவர்களைக் கூட்டினார். பைபிளுக்குப் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று செய்வதென்று அங்கே முடிவாயிற்று. வெஸ்ட்மின்ஸ்டர், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்று இடங்களில் ஆறு குழுக்களாகப் பிரிந்து, ஏறத்தாழ 47 அறிஞர்கள் பல ஆண்டுகள் உழைத்தார்கள். 1611-இல் அது அச்சாகி வெளிவந்தது. ஆங்கிலம் பேசும் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அதைப் படித்தார்கள். மரணப் படுக்கையிலும் மண மேடையிலும் அதன் சொற்களையே கேட்டார்கள். நாளடைவில், “இம்மொழிபெயர்ப்பில் ஒரு பிழையும் இல்லை, இருக்கவும் முடியாது” என்று நம்புகிற ஒரு கூட்டம், சிறப்பாக அமெரிக்காவில், தோன்றிவிட்டது.

இவ்விவாதம் சூடுபிடித்தது 1881-க்குப் பிறகே. அவ்வாண்டில் புதிய ஏற்பாட்டின் திருத்திய ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் பல அதற்குள் கிடைத்திருந்தன. அவற்றை ஒப்பிட்ட அறிஞர்கள், 1611-ஆம் ஆண்டுப் பதிப்பில் உள்ள சில வசனங்கள் மிகப் பழைய பிரதிகளில் இல்லை என்று கண்டு அவற்றை நீக்கினார்கள். அல்லது குறிப்பிட்டுக் காட்டினார்கள். ஜான் பர்கன் என்ற ஆங்கிலேய மதகுரு 1883-இல் ஒரு பெரிய நூலே எழுதி இதனைக் கண்டித்தார். 1952-இல் அமெரிக்காவில் மற்றொரு திருத்திய மொழிபெயர்ப்பு வந்தது. ஏசாயா நூலின் ஏழாம் அதிகாரத்திலுள்ள ஒரு ஹீப்ரு சொல்லுக்குப் பழைய மொழிபெயர்ப்பு ‘கன்னி’ என்று பொருள் தந்திருக்க, புதியது ‘இளம்பெண்’ என்று தந்தது. வட கரோலினா மாநிலத்தில் ஒரு பாதிரியார் அந்தப் பக்கத்தையே கிழித்துத் தீயிட்டார். பின்னர் பீட்டர் ரக்மன் என்ற போதகர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். கிரேக்க மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் முரண்படும் இடத்தில், ஆங்கிலத்தைக் கொண்டே கிரேக்கத்தைத் திருத்தவேண்டும் என்று அவர் போதித்தார்! நிழலைப் பார்த்து மரத்தை வெட்டித் திருத்துவது போன்றதன்றோ இது?

எனினும் அம்மக்களின் உள்ளத்தில் இருந்த அச்சத்தை நாம் புரிந்துகொள்ளவேண்டும். “என் தாயும் தந்தையும் ஓதிய சொல் இன்று மாறிவிடுமானால், நாளை எதை நம்பி நிற்பேன்?” என்பதே அவ்வச்சம். இறைவனின் வார்த்தை தன் கையில், தன் மொழியில், ஐயமின்றி இருக்கவேண்டும் என்ற தாகம் எந்த மனிதனுக்கும் உண்டு. தாகம் தவறன்று. அதைத் தணிக்க அவர்கள் நாடிய வழியே சரியில்லை.

இதை நாம் சொல்லவேண்டியதில்லை. அந்த மொழிபெயர்ப்பாளர்களே சொல்லியிருக்கிறார்கள். 1611-ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையை எழுதியவர் மைல்ஸ் ஸ்மித் என்பார். மன்னர் பாராளுமன்றத்தில் ஆற்றிய உரையைப் பிரெஞ்சிலோ இத்தாலியிலோ லத்தீனிலோ பெயர்த்தாலும் அது மன்னரின் உரைதான். பெயர்ப்பவரின் திறமைக் குறைவால் அங்கங்கே குறை இருக்கலாம். அவ்வாறே வேதத்தின் மொழிபெயர்ப்பும் என்பது அவர் கருத்து. ஐயமான சொற்களுக்கு வேறு பொருளையும் பக்க ஓரத்தில் அச்சிட்டது ஏன் என்றும் அவர் விளக்கினார். ‘எங்களிடம் பிழையில்லை’ என்று செய்தவர்கள் சொல்லவில்லை. படித்தவர்களின் பேரப்பிள்ளைகளே சொன்னார்கள்.

மேலும் சில கேள்விகளும் எழுகின்றன. 1611-க்கு முன் வாழ்ந்த கிறிஸ்தவர்களிடம் குறையற்ற வேதம் இருந்ததா? தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715-இல் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டைப் படித்தவர்களின் நிலை என்ன? ஆங்கிலப் பதிப்புகளிலேயே எது குறையற்றது? 1631-இல் அச்சான ஒரு பதிப்பில் விபசாரத்தைத் தடுக்கும் கட்டளையிலுள்ள எதிர்மறைச் சொல் விடுபட்டுப்போய், தடை ஏவலாகிவிட்டது. அச்சிட்டவர்களுக்கு 300 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. இன்று பெரும்பாலும் படிக்கப்படுவது 1769-இல் ஆக்ஸ்போர்டில் எழுத்தும் சொல்லும் சீர்செய்யப்பட்ட பதிப்பே.

இந்த விவாதம் ஆங்கிலத்தோடு பிறந்ததுமன்று. ஏறத்தாழ 1600 ஆண்டுகளுக்கு முன்பு ஜெரோம் என்ற அறிஞர் ஹீப்ரு மூலத்திலிருந்து லத்தீனில் பழைய ஏற்பாட்டைப் பெயர்த்தார். யூனுஸ் நபி (அலை) அவர்களுக்கு நிழல் தந்த செடியைப் பழைய மொழிபெயர்ப்பு சுரைக்கொடி என்றிருந்தது; ஜெரோம் வேறொரு கொடியின் பெயரை எழுதினார். இன்றைய லிபியாவின் திரிபோலி நகரில் ஒரு பிஷப் அதைக் கோவிலில் வாசித்தபோது மக்கள் கொதித்தெழுந்தார்கள் என்று அகஸ்டின் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஒரு செடியின் பெயருக்காக! அந்த ஜெரோமின் மொழிபெயர்ப்பையே 1546-இல் டிரெண்ட் சபை அதிகாரபூர்வமானதென்று அறிவித்தது. போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் அதனைச் சீர்செய்து 1590-இல் வெளியிட்டார். அதில் குறைகள் காணப்பட்டதால் அவர் மறைந்தபின் அது திரும்பப் பெறப்பட்டு, 1592-இல் வேறு பதிப்பு வந்தது.

கிறிஸ்தவ அறிஞர்களில் பலர் நேர்மையான விடையொன்றைத் தருகிறார்கள். 1978-இல் சிகாகோ நகரில் கூடிய அறிஞர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இறைவனின் தூண்டுதல் முதன்முதலில் எழுதப்பட்ட மூலப் பிரதிக்கே உரியது; படிகளும் மொழிபெயர்ப்புகளும் மூலத்தை எந்த அளவுக்குச் சரியாகக் காட்டுகின்றனவோ அந்த அளவுக்கே இறைவார்த்தையாகும் என்பது அதன் சாரம். மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை இது சரியான பேச்சு. ஆனால் அந்த முதற்பிரதிகள் இன்று எவர் கையிலும் இல்லை. கிடைத்துள்ள படிகளை ஒப்பிட்டே அவர்கள் மூலத்தைத் தேடவேண்டியுள்ளது. ஈஸா (அலை) அவர்கள் தம் மக்களிடம் பேசிய அரமேய மொழிச் சொற்களும் ஒரு சிலவே கிரேக்கத்தின் இடையே எஞ்சியிருக்கின்றன.

இனி நம் பக்கம் திரும்புவோம்.

திருக்குர்ஆனை அரபு மொழியில் இறக்கியதாக அல்லாஹு தஆலா பல இடங்களில் கூறுகின்றான். எந்தத் தூதரையும் அவருடைய சமூகத்தாரின் மொழியைக் கொண்டே அனுப்பியதாகவும் கூறுகின்றான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருவாயால் ஓதப்பட்ட மொழியிலேயே அதை நாம் இன்றும் ஓதுகிறோம். ஆகவே எந்த மொழிபெயர்ப்பையும் ‘குர்ஆன்’ என்று நம் முன்னோர் அழைத்ததில்லை. தொழுகையில் பாத்திஹாவைத் தமிழில் ஓதினால் தொழுகை கூடாது. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் தொடக்கத்தில் பாரஸீக மொழியில் ஓதுவதை அனுமதித்தார்கள் என்றும், பின்னர் அக்கருத்திலிருந்து மீண்டார்கள் என்றும் ஹனபி நூல்களில் காணப்படுகிறது. இஸ்லாத்தைத் தழுவிய ஆங்கிலேயர் பிக்தால் 1930-இல் வெளியிட்ட தம் நூலுக்குக் ‘குர்ஆன்’ என்று மட்டும் பெயரிடாமல், குர்ஆனின் ‘பொருள்’ என்றே பெயரிட்டார். குர்ஆனை மொழிபெயர்க்க இயலாது என்பதையும் முன்னுரையில் ஒப்புக்கொண்டார்.

இதைக் கொண்டு பெருமையடித்துக்கொள்ளலாமா? கூடாது. பிறர் விழுந்த அதே குழியில் நாமும் வேறு வழியாக விழுந்துகொண்டிருக்கிறோம்.

பகரா ஸூராவின் 228-வது ஆயத்தைப் பாருங்கள். தலாக் சொல்லப்பட்ட பெண்கள் மூன்று ‘குரூ’ காலம் இத்தா இருக்கவேண்டும் என்று அதில் கூறப்படுகிறது. அந்த அரபுச் சொல்லுக்கு மாதவிடாய் என்றும் பொருள் உண்டு. இரு மாதவிடாய்களுக்கு இடைப்பட்ட சுத்த காலம் என்றும் பொருள் உண்டு. ஹனபி இமாம்கள் முதற்பொருளையும், ஷாபிஈ இமாம்கள் இரண்டாவது பொருளையும் ஆதாரங்களோடு எடுத்தார்கள். இரண்டுக்கும் இடையே சில நாட்கள் வித்தியாசம். அந்நாட்களில் கணவன் மனைவியை மீட்டுக்கொள்ளலாமா, அவள் வேறொருவரை மணந்தால் அந்த நிக்காஹ் செல்லுமா என்ற பெரிய விஷயம் அதில் அடங்கியிருக்கிறது. அரபு மூலம் இரு பொருளையும் தாங்கி நிற்கிறது. தமிழில் எழுதுபவரோ ஒன்றைத்தான் எழுத முடியும். அதைப் படித்த ஒரு வீட்டார், “குர்ஆனில் இப்படித்தானே இருக்கிறது! ஊர் ஹஜ்ரத் மாற்றிச் சொல்கிறாரே!” என்று கிளம்பினால், ஒரு பெண்ணின் வாழ்க்கையே சிக்கலாகிவிடாதா? அவர்கள் படித்தது அல்லாஹ்வின் சொல்லுக்கு ஒருவர் கொடுத்த விளக்கம். அதையே மூலமாக்கிக்கொண்டார்கள்.

நிஸா ஸூராவில் பெண்களைத் தீண்டுவது பற்றிய சொல்லும் இத்தகையதே. வெறும் தொடுதல் என்று ஷாபிஈ மத்ஹபினர் கொண்டதால், அவர்களிடம் அந்நியப் பெண்ணையோ மனைவியையோ மறைப்பின்றித் தொட்டால் ஒளு முறிகிறது. இல்லற உறவு என்று ஹனபி மத்ஹபினர் கொண்டதால், அவர்களிடம் முறிவதில்லை. அடைப்புக்குறிக்குள் ஒருவர் எழுதிய ஒரு சொல், ஒரே பள்ளிவாசலில் தொழும் இருவரைப் பகைவராக்கிவிடக் கூடாது.

இது ஒரு பக்கம். மறு பக்கம் இன்னும் கவலைக்குரியது. “குர்ஆனை மொழிபெயர்க்க இயலாது” என்ற உண்மையையே சாக்காக்கி, வாழ்நாள் முழுவதும் அதன் பொருளை அறியாமலே இருந்துவிடுகிறோம். நாள்தோறும் பதினேழு ரக்அத் பர்ளுத் தொழுகையில் பதினேழு முறை பாத்திஹாவை ஓதுகிறோம். அதில் அல்லாஹ்விடம் என்ன கேட்கிறோம் என்று நம் பிள்ளை கேட்டால், எத்தனை பேரால் விடை சொல்ல முடியும்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ரோமச் சக்கரவர்த்தி ஹிர்கலுக்கு எழுதிய திருமுகத்தில் ஆலு இம்ரான் ஸூராவின் ஆயத் ஒன்று இடம்பெற்றிருந்தது. அரபு அறியாத அவர் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டே விஷயமறிந்தார். மொழி அறியாதவருக்குப் பொருள் சென்று சேரவேண்டும் என்பதன்றோ அதன் நோக்கம்! யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளும்படி ஸைத் இப்னு தாபித் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் (ஸல்) அவர்களே கட்டளையிட்டார்கள். டில்லியில் ஷாஹ் வலியுல்லாஹ் (ரஹ்) அவர்கள் பாரஸீகத்தில் பொருள் எழுதினார்கள்; அவர்களின் மைந்தர் ஷாஹ் அப்துல் காதிர் (ரஹ்) உர்தூவில் எழுதினார்கள். தமிழில் அப்துல் ஹமீது பாகவி அவர்கள் தம் வாழ்வின் பல ஆண்டுகளை இப்பணிக்கே கொடுத்தார்கள். பொருள் தேவையில்லையென்றால் இப்பெரியார்கள் ஏன் இத்தனை பாடுபடவேண்டும்?

ஆகவே நடுவழியைப் பற்றிக்கொள்வோம். ஒவ்வொரு நாளும் சிறிதளவேனும் அரபியில், திருத்தமாக, தஜ்வீதுடன் ஓதுவோம். ஓதியதில் இரண்டு மூன்று ஆயத்துகளுக்கேனும் தர்ஜுமாவைப் படிப்போம். முடிந்தால் இரண்டு தர்ஜுமாக்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். அவை வேறுபடும் இடத்தில் வாதாடாமல், மூலத்தில் ஆழமான ஒரு சொல் இருக்கிறது என்று உணர்ந்து, தப்ஸீர் கற்ற ஆலிமிடம் கேட்போம். தலாக், இத்தா, பாகப்பிரிவினை போன்ற சட்டங்களைத் தர்ஜுமாவின் ஒரு வரியைக் கொண்டு நாமே தீர்மானிக்காதிருப்போம். பிள்ளைகளுக்குப் பாத்திஹாவையும் தொழுகையில் ஓதும் சிறிய ஸூராக்களையும் பொருளோடு கற்றுக்கொடுப்போம். தாய்மார்கள் இதை இன்று மக்ரிபுக்குப் பிறகே தொடங்கலாம்.

கிறிஸ்தவ அண்டை வீட்டாரிடம் இவ்விவாதத்தை ஓர் ஆயுதமாக எடுத்துச் செல்லவும் வேண்டாம். நஜ்ஜாஷி மன்னரின் அவையில் ஜஃபர் (ரலி) அவர்கள் பிறர் வேதத்தில் குறை தேடவில்லை. மர்யம் ஸூராவை ஓதிக் காட்டினார்கள். மன்னரின் கண்கள் நீரைப் பொழிந்தன. நம்மிடம் இருக்கும் பொக்கிஷத்தை நாம் முதலில் திறந்து பார்ப்போம்.

யா அல்லாஹ்! உன் வேதத்தை நாவால் ஓதவும், உள்ளத்தால் விளங்கவும், உறுப்புகளால் செயல்படுத்தவும் எங்களுக்கும் எங்கள் மக்களுக்கும் தௌபீக் செய்வாயாக! ஆமீன்.