மூல அளவு



இன்று மே 1. உலகின் பல நாடுகளில் தொழிலாளர் நாள். 1955-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் இந்த நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக ஏற்படுத்தினார். இன்றைய நற்செய்தியில் நாசரேத்து ஊரார் நம் ஆண்டவரைத் தச்சர் மகன்தானே என்று இளக்காரமாகப் பேசுகிறார்கள். பெங்களூருவின் தொழிற்பேட்டையான நம் பீன்யாவில் அந்த இளக்காரம் எடுபடாது. ஃபவுண்டரியில் வேலை செய்கிற உங்களுக்குத் தெரியும்: இரும்பை உருக்குவதற்கு முன்னால் மரத்தில் பேட்டர்ன் வேண்டும், அதற்குத் தச்சர் வேண்டும்.

பேட்டர்னைப் பற்றி ஓர் உதாரணம் சொல்கிறேன். பழங்காலக் கார்களை அதே மாதிரி புதிதாகச் செய்கிறவர்கள் உலகில் பல ஊர்களில் இருக்கிறார்கள். வீட்டை ஒட்டி ஒரு ஷெட், அதில் ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், அவ்வளவுதான் பட்டறை. கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர வண்டியை இப்படிப் பலர் திரும்பச் செய்திருக்கிறார்கள். ஒரே சிலிண்டர், ஒரு குதிரைத்திறன்கூட இல்லாத இன்ஜின். அதற்கு ஸ்பேர் பார்ட் எந்தக் கடையில் கிடைக்கும்? ஒவ்வொரு பாகத்தையும் வார்த்து, கடைந்து, ராவித்தான் சேர்க்க வேண்டும்.

அந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர் ஒரு குறுக்குவழி பார்ப்பார். பழைய பாகம் ஒன்று கையில் கிடைத்தால், அதையே பேட்டர்னாக மணலில் பதித்து வார்த்துவிடலாமே என்று தோன்றும். வார்த்தால் என்ன ஆகும்? வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு சுருங்கும். 300 மில்லிமீட்டர் பாகம் 297 ஆகிவிடும். அந்த 297-ஐ வைத்து இன்னொருவர் வார்த்தால் 294. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். பொருத்தும்போதுதான் போல்ட் துளைகள் நேராக வராது. அதனால்தான் விவரம் தெரிந்தவர் டிராயிங்கைத் தேடிப் போகிறார். பேட்டர்ன் செய்கிறவரும் சுருக்கத்தைக் கணக்குப் போட்டு மரத்தைப் பெரிதாகவே செதுக்குகிறார்.

விடுதலைப் பயண நூலில் ஆண்டவர் மோசேக்கு மலையில் மாதிரியைக் காட்டி, அதன்படியே திருக்கூடாரத்தைச் செய்யச் சொல்கிறார். அந்த வேலைக்காகப் பெசலேல் என்ற கைவினைஞரைப் பெயர் சொல்லி அழைத்து, தம் ஆவியால் நிரப்புகிறார். வேலை செய்கிற கைக்குத் தூய ஆவி தேவை என்று நம் கடவுள் அப்போதே காட்டிவிட்டார். மாதிரி மலையிலிருந்து வந்தது. பக்கத்துக் கூடாரத்திலிருந்து வரவில்லை.

நாம் எங்கிருந்து அளவு எடுக்கிறோம்? பக்கத்து வீட்டுக்காரர் கோவிலுக்கு வருகிற அளவுக்கு நானும் வருகிறேன், அவர் கொடுக்கிற அளவுக்கு நானும் கொடுக்கிறேன், எல்லா கம்பெனியிலும் இப்படித்தானே நடக்கிறது என்கிறோம். இது பழைய பாகத்தை வைத்து வார்க்கிற வேலை. நம் பிள்ளைகள் நம்மிடமிருந்து அளவு எடுக்கிறார்கள். நாம் மூன்று மில்லிமீட்டர் சுருங்கினால் அவர்கள் ஆறு சுருங்குவார்கள். புனித பவுல் தம்மைப் பின்பற்றச் சொன்னபோதுகூட, தாம் கிறிஸ்துவைப் பின்பற்றுவதைக் காட்டித்தான் சொன்னார்.

பகைவரை நேசி, கணக்குப் பார்க்காமல் மன்னி என்று ஆண்டவர் கேட்பது நம்மால் முடியாத அளவு என்று சிலர் சொல்கிறீர்கள். பெரிய அளவுதான். நாம் ஆறிப்போகிறவர்கள் என்பது அவருக்குத் தெரியும். அளவைச் சிறிதாக்கி அவர் நம்மைத் தேற்றவில்லை. அருளைக் கொடுத்து அந்த அளவுக்கு அழைக்கிறார்.

செய்த வண்டி ஓடவும் வேண்டும். பென்ஸின் வண்டியை வாங்க ஆளில்லாத நாளில், அவர் மனைவி பெர்த்தா 1888 ஆகஸ்ட் மாதம் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். விசுவாசமும் ஷெட்டுக்குள் துடைத்து வைப்பதற்கானது அல்ல. தும்கூர் சாலையில், நாளைக் காலை ஷிஃப்டில் ஓட வேண்டியது.

அப்படி ஓடினால் சில பழக்கங்கள் நிற்கும். அளவே எடுக்காமல் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் அளவு எழுதுகிற பழக்கம் நிற்கும். புரொடக்‌ஷன் குறைகிறது என்று பவர் பிரஸ்ஸில் கையைக் காக்கும் சென்சாரை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்வது நிற்கும். கடவுள் தம் சாயலில் மனிதரைப் படைத்தார் என்று அறிக்கையிடுகிறோம். அந்தச் சாயலில் கான்ட்ராக்ட் பையனின் பத்து விரல்களும் சேர்ந்தவை. பட்டறை வைத்திருக்கும் சகோதரர்களே, இதை உங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: நாளை மெஷினை ஓட விடுவதற்கு முன் சென்சாரைச் சரிபாருங்கள்.

மற்ற எல்லாருக்கும் இந்த வாரம் ஒரு வேலை. மத்தேயு நற்செய்தியில் 5 முதல் 7 வரையுள்ள அதிகாரங்களைக் குடும்பமாக உட்கார்ந்து வாசியுங்கள். நம் டிராயிங் அதுதான். எந்த இடத்தில் நம் அளவு குறைகிறது என்று ஒருவரையொருவர் குற்றம் சொல்லாமல் பேசுங்கள். ஒரே ஒரு குறையைச் சரிசெய்ய இறங்குங்கள். தச்சுப் பட்டறையில் ஆண்டவருக்கே வேலை கற்றுக்கொடுத்த சூசையப்பர் நமக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.