இரவச்சத்து ஒரு குறளும் அதன் ஓசையும்



திருவள்ளுவநாயனார் இரவு என்னும் அதிகாரத்தின் பின் இரவச்சம் என்னும் அதிகாரத்தை வைத்தார். அதன் இரண்டாங் குறள், இரந்தாயினும் உயிர்வாழ்க என்று விதித்தானாயின் உலகைப் படைத்தவனே கெடுவானாக எனச் சபிப்பது. இதனைக் கேட்டு, “படைப்போனை வைதல் அபசாரமன்றோ?” என மயங்குவார் நம்முள்ளும் உளர். அம்மயக்கம் ஓசையைச் செவிமடாமையால் வந்தது.

குறள்வெண்பாவின் முதலடி நாற்சீர், ஈற்றடி முச்சீர். ஈரடியின் முதற்சீர்களும் எதுகையாற் பிணைவது பலவிடத்துங் காண்பது. இங்கே அஃதில்லை. முதலடியின் முதற்சீராகிய ‘இரந்தும்’ என்பதற்கு, அவ்வடியின் நான்காஞ் சீராகிய ‘பரந்து’ என்பதே எதுகை. இதனை ஒரூஉவெதுகை என்ப. முன்னது வறியவன் செயல். பின்னது படைத்தோனுக்கு விதிக்கப்படுஞ் செயல். இரண்டும் ஓரோசையாயின. இரப்பாரைப் போல அவனும் எங்கும் அலைந்து கெடுக எனப் பரிமேலழகர் உரைத்தது இவ்வோசைக்கு இயைந்த உரையேயாம்.

இன்னுங் கேண்மின். முதலடியில் வல்லெழுத்துக்கள் வரினும் பெரும்பாலும் மெல்லெழுத்தின் பின்னின்று மெலிகின்றன. இரப்பவன் குரலும் அத்தன்மைத்தே. அடுத்த அடி தொடங்கும் ‘கெடுக’ என்பதிலோ மூன்றெழுத்தும் வல்லினம். படைத்தோனைக் குறிக்குஞ் சொல்லும் இருசீராய்ப் பிளவுண்டு, ‘யான்’ என ஈற்றில் ஓரசை தனித்து நிற்கின்றது. ஓதுவோன் செவிக்கு அது தன்னையே சுட்டும் பெயர்போலவும் படும். இது நாயனார் கருத்தென்று யாம் துணிந்து கூறேம். ஆயினும் ஓதுந்தோறும் நெஞ்சு திடுக்கிடுகின்றது.

அற்றேல், சாபம் யார்மேலது? பிரமனும் பசுவருக்கத்தின் உள்ளவனே என்பது சைவசித்தாந்தம். ஆதலின் இது சிவநிந்தை ஆகாது. அன்றியும், சாபம் ‘ஆயின்’ என்னும் பொருளைப் பற்றியே நிற்கின்றது. அவ்வாறு விதித்ததுண்டு என்று சாதிப்பவரையன்றோ அது முதலிற் பற்றும்? திருவிழாக் காலத்துக் கோயில் வாயிலிற் கைந்நீட்டுவோனைக் கண்டு, நீறணிந்த நெற்றியோடு “அஃது அவன் விதி” என்று கூறிக் கடந்து செல்கின்றோமே, அப்பொழுது அந்த ‘யான்’ எவன்?

ஆறுமுகநாவலர் திருக்குறட் பரிமேலழகருரையை 1861ஆம் ஆண்டிற் பரிசோதித்து அச்சிட்டார். 1877ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் பற்றியபொழுது, அப்பெரியார் பசித்தோரின் விதியை ஆராய்ந்து கொண்டிருந்தாரல்லர். பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டி வைத்தார்.