கோப்பு யாரைக் காக்கிறது?

பல்கலைக்கழகம் ஒரு மாணவரைப் பற்றி எழுதி வைப்பவற்றில் மதிப்பெண் மட்டும் இருப்பதில்லை. சேர்க்கையின்போது தேர்வாளர்கள் இட்ட குறிப்பு, ஒழுங்கு விசாரணையின் முடிவு, கட்டண நிலுவை என்று பலவும் சேர்கின்றன. அமெரிக்காவில் 1974இல் இயற்றப்பட்ட கல்வித் தனியுரிமைச் சட்டமான ஃபெர்பா, இந்தக் கோப்பின்மீது மாணவருக்கு முக்கியமான இரண்டு உரிமைகளைத் தருகிறது. அவர் கேட்டால் 45 நாட்களுக்குள் கோப்பைக் காட்ட வேண்டும். சில விதிவிலக்குகள் தவிர, அவருடைய எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பிறருக்குக் காட்டக் கூடாது. இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஒருவருடைய எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் எழுத்து அவரிடமிருந்து மறைக்கப்படவும் கூடாது, அவரறியாமல் கைமாறவும் கூடாது. ஆகவே தனியுரிமையின் பெயரால் கோப்பு மூடப்படும்போதெல்லாம், அது மாணவரைக் காக்கிறதா நிறுவனத்தைக் காக்கிறதா என்று கேட்பதே நேர்மையான சோதனை.

இந்தச் சட்டத்தின்மீது முதலில் குறைப்படுபவர்கள் பெற்றோர். பள்ளிப் பருவத்தில் அவர்களிடம் இருக்கும் உரிமை, பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் பிள்ளையிடம் போய்விடுகிறது. பணம் கட்டுகிறவருக்கு மதிப்பெண்ணைப் பார்க்க உரிமையில்லையா என்ற கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் கட்டணம் கல்விக்குத் தரப்படுவது; வயதுவந்த ஒருவரின் அந்தரங்கத்துக்கு அது விலையாகாது. வருமான வரிக் கணக்கில் பெற்றோரைச் சார்ந்தவராகக் காட்டப்பட்ட மாணவரின் பதிவைப் பெற்றோருக்குத் தரச் சட்டம் அனுமதிக்கிறது. தந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. தோல்வியைத் தன் வாயால் வீட்டில் சொல்லும் பொறுப்பும் வயதுவந்தவருக்கு உரியதே.

உயிராபத்து பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. 2007 ஏப்ரலில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவர் 32 பேரைச் சுட்டுக் கொன்றார். அவரது மனநிலை பற்றிய தகவல்கள் ஆசிரியர்களிடமும் நிர்வாகத்தின் பல பிரிவுகளிடமும் சிதறிக் கிடந்தன, அவை ஒன்றுசேரவில்லை. தனியுரிமைச் சட்டங்கள் தடுப்பதாகப் பலர் தவறாக நினைத்திருந்ததை விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. நெருக்கடியில் தகவலைப் பகிரலாம் என்ற விதிவிலக்கு அதற்கு முன்பே இருந்தது. 2008இல் அது மேலும் தெளிவாக்கப்பட்டது. அங்கே காட்டப்பட்ட மௌனம் அந்த மாணவரையும் காக்கவில்லை, மற்றவர்களையும் காக்கவில்லை.

மாணவரிடமிருந்தே கோப்பு மறைக்கப்படும்போதுதான் இந்தச் சோதனை முழுமையாகப் பயன்படுகிறது. 2015இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் சிலர் ஃபெர்பாவைக் காட்டித் தங்கள் சேர்க்கைக் கோப்புகளைக் கேட்டார்கள். இந்த வழி மற்ற இடங்களுக்கும் பரவியபோது, யேல் சட்டப் பள்ளி தேர்வாளர்களின் மதிப்பீட்டுக் குறிப்புகளை அழித்தது. கோரிக்கை நிலுவையில் இல்லாத பதிவை அழிப்பது சட்டமீறல் ஆகாது. எல்லாம் மாணவர் கண்ணில் படும் என்றால் தேர்வாளர் மனம்திறந்து எழுத மாட்டார் என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். பரிந்துரைக் கடிதங்களைப் பார்க்கும் உரிமையை மாணவரே விரும்பி விட்டுக்கொடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அங்கே இரகசியம் அவர் சம்மதத்தில் நிற்கிறது. தேர்வாளரின் குறிப்பு அப்படியல்ல. அது ஓர் இடத்தைத் தரவோ மறுக்கவோ வல்ல அதிகாரத்தின் தீர்ப்பு. தீர்ப்புக்கு உள்ளானவர் படித்தால் நிற்காது என்று அஞ்சி எழுதத் தயங்கும் வரி, எழுதப்படாமல் போவதே நல்லது.

பதிவு தவறாகக் கைமாறினால் மாணவர் என்ன செய்ய முடியும்? ஆசிரியர் பயிற்சி பெற்ற ஒருவர்மீது எழுந்த குற்றச்சாட்டை, சான்றிதழ் வழங்கும் மாநில அமைப்பிடம் கொன்சாகா பல்கலைக்கழகத்தார் சொன்னது தொடர்பான வழக்கில், ஃபெர்பாவின் அடிப்படையில் தனிநபர் வழக்குத் தொடர முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. கூட்டாட்சி அரசு நிதியை நிறுத்தலாம் என்பதே சட்டத்தின் பெரிய ஆயுதம். பாதிக்கப்பட்டவருக்கு அதனால் இழப்பீடு கிடைக்காது. ஆகவே இந்த உரிமை பெரும்பாலும் நிறுவனத்தின் மனச்சாட்சியை நம்பியே நிற்கிறது. அந்த மனச்சாட்சி உண்மையானதென்றால், சேர்க்கை மதிப்பீட்டை மாணவர் பட்டம் பெறும்வரையாவது பல்கலைக்கழகங்கள் பாதுகாத்து வைத்து, அதைப் பார்க்கலாம் என்று அவரிடம் தாமாகவே சொல்ல வேண்டும்.