முதல் பேஸில் யாரை நிறுத்தப் போகிறாய்?

"ஐயா, நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு டிராஃப்ட். முதல் பேஸுக்கு யாரை எடுக்கிறதுன்னே தெரியல. லிஸ்ட்ல மேல இருக்கிற ஆளை எடுத்துட்டுப் போயிடலாம்னு இருக்கேன்."

பத்து பெரண்டாம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பயிற்சி விமானங்கள் நாளெல்லாம் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும் இடத்தில், நாங்கள் வழக்கமாகத் தேத்தண்ணி குடிக்கும் கடையில் வைத்து அந்தத் தம்பி சொன்னான். சிப் தொழிற்சாலையில் வேலை. அமெரிக்க அலுவலகத்து ஆட்கள் நடத்தும், நிஜ ஆட்டக்காரர்களை வைத்துக் கற்பனை அணி கட்டும் ஃபேன்டசி பேஸ்பால் ஆட்டத்தில் இந்த வருஷம் அவனையும் சேர்த்திருக்கிறார்கள். பன்னிரண்டு பேரில் அவன் ஒருவன்தான் தமிழன். அங்கே மாலை ஏழு என்றால் இங்கே மறுநாள் காலை ஏழு. இரவு ஷிப்ட் முடித்து வந்து, தூங்காமல் உட்கார்ந்து ஆள் எடுக்கப் போகிறான். தூக்கத்தைக் கொடுத்து வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்து, எவனோ எழுதிவைத்த பட்டியலில் முதல் பெயரைத் தொட்டுவிட்டு எழுந்து வரப் போகிறானாம்!

எனக்குச் சுருக்கென்றது. தம்பி, உனக்குக் கண் இல்லையா? மூளை இல்லையா? பிறகு எதற்கு அந்த நாற்காலி?

இந்த வியாதி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். நம் பிள்ளைகள் எல்லாரும் பிரிமியர் லீக் ஃபேன்டசி ஆடுகிறார்கள். 100 மில்லியன் பவுண்டு கற்பனைப் பணம், 15 ஆட்டக்காரர்கள், ஒரு கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது, கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி. தோட்டத்து லயத்தில் வளர்ந்த பையனும் இதை மனப்பாடமாகச் சொல்வான். அங்கே ஒரே ஆட்டக்காரரை ஆயிரம் பேர், லட்சம் பேர் வைத்துக்கொள்ளலாம். அதனால் எல்லாரும் எடுத்தவரை நீயும் எடுக்கிறாய். எல்லாரும் கேப்டன் ஆக்கியவரை நீயும் ஆக்குகிறாய். தோற்றால் ஊரோடு தோற்றோம் என்று ஆறுதல்.

டிராஃப்ட் அந்த ஆறுதலைப் பிடுங்கிவிடும். ஒரு ஆட்டக்காரர் ஒரே ஒருவருக்குத்தான். பன்னிரண்டு பேரும் வரிசையாகக் கூப்பிடுகிறார்கள். முதல் சுற்றில் கடைசியாகக் கூப்பிட்டவன் இரண்டாம் சுற்றில் முதலில் கூப்பிடுகிறான், பாம்பு வளைவது மாதிரி. நீ நினைத்திருந்த ஆளை உனக்கு முன்னால் ஒருவன் தூக்கிக்கொண்டு போவான். அந்த நொடியில் யாருடைய பட்டியலும் உன்னைக் காப்பாற்றாது.

சின்ன வயதில் ரப்பர் காட்டு ஓரத் திடலில் நாங்கள் உத்தி பிரித்து ஆடுவோம். இரண்டிரண்டு பேராகத் தள்ளிப் போய்த் தங்களுக்கு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். "பூ வேணுமா, காய் வேணுமா?" தலைவன் ஒன்றைக் கேட்பான். யார் பூ, யார் காய் என்று அவனுக்குத் தெரியாது. வந்தவனை வைத்து ஆட வேண்டும். அதில் ஒரு நியாயம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உனக்கு நாளைக் காலை நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்களின் ஒவ்வொரு ஓட்டமும் ஒவ்வொரு அடியும் எண்ணாகத் திரையில் வந்து நிற்கிறது. எல்லாம் தெரிந்தும் பூவா காயா என்று கண்ணை மூடிக் கேட்பாயா?

முதல் பேஸைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. பள்ளியில் சாஃப்ட்பால் ஆடியபோது நான் நின்ற இடம் அது. உயரம், இடதுகைக்காரன், ஓட்டம் வராது. மூன்றையும் பார்த்த ஆசிரியர், "நீ அங்கே நில்" என்றார். ஓட முடியாதவனை ஒதுக்கும் மூலை என்று நினைத்து அன்றைக்கு அழுதேன். பிறகுதான் புரிந்தது. திடலில் எவன் பந்தைப் பொறுக்கினாலும் கடைசியில் என் கைக்குத்தான் எறிகிறான். தாழ்வாக வரும், அகலமாக வரும், மண்ணில் குத்தி எழும்பி வரும். ஒரு காலைப் பேஸில் வைத்தபடி உடம்பை நீட்டி அதைப் பிடிக்க வேண்டும். மற்றவன் செய்த தவற்றைத் திருத்தும் கை அது. இடதுகைக்காரனுக்குப் பிடிக்கும் கை வலது. உள்திடலைப் பார்த்து நிற்கிறது. எனக்குக் குறை என்று வீட்டில் சொன்னது அங்கே வரமாக இருந்தது.

ஃபேன்டசியில் இந்த மூலைக்குத் தனிக் கணக்கு. ஐந்து விஷயங்களை எண்ணுவார்கள்: அடி சராசரி, ஹோம் ரன், தன் அடியால் மற்றவர்களை ஓட வைத்தது, தான் ஓடியது, யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பேஸ் திருடியது. முதல் பேஸ்காரர்கள் பொதுவாகப் பலசாலிகள். 2023இல் அட்லாண்டாவின் மேட் ஓல்சன் 54 ஹோம் ரன் அடித்து 139 ஓட்டங்களைக் கொண்டுவந்தார். ஆனால் திருட்டுக் கணக்கில் இந்த மூலை பொதுவாக வறண்ட நிலம். அந்த வறண்ட நிலத்திலும் 2016இல் பால் கோல்ட்ஷ்மிட் 32 பேஸ் திருடினார். 2023இல் ஃப்ரெடி ஃப்ரீமன் 23 திருடினார். புரிகிறதா? ஓடாத மூலையில் ஓடுகிறவன் ஒருவன் கிடைத்தால், மற்ற பதினோரு அணியிடமும் இல்லாத ஒன்று உன் கையில். பலம் வேண்டுமென்றால் பல பேர் இருப்பார்கள், ஓரிரண்டு சுற்றுக் காத்திருக்கலாம். வேகமும் வேண்டுமென்றால் காத்திருக்க முடியாது, முன்னாலேயே தூக்கு. எது வேண்டும் என்பதை எவன் எழுதிய பட்டியலும் சொல்லாது. உன் அணியை அவன் பார்த்ததே இல்லை.

இந்த மூலையில் நின்ற ஒருவரின் கதையைக் கேள். ஸ்காட் ஹேட்டபெர்க். பாஸ்டன் அணியின் கேட்சர். வலது முழங்கையில் நரம்பு போயிற்று. பந்தை எறிய முடியாத கேட்சரை எவன் வைத்துக்கொள்வான்? 2001 கடைசியில் பாஸ்டன் அவரைக் கொலராடோவுக்குத் தள்ளியது. கொலராடோ ஒப்பந்தமே கொடுக்காமல் கைகழுவியது. வயது 32. ஊரே முடிந்த ஆள் என்று எழுதிய பெயரை ஓக்லண்ட் அணியின் பில்லி பீன் எடுத்தார். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இந்த மனிதன் அவசரப்பட மாட்டான், மோசமான பந்தை அடிக்க மாட்டான், எப்படியாவது பேஸுக்குப் போய்ச் சேருவான். மற்றவர்கள் மதிக்காத அந்தப் பொறுமைக்கு அவர் விலை போட்டார். வாழ்க்கையில் நின்றிராத முதல் பேஸில் நிறுத்தினார். பயிற்சியாளர் ரான் வாஷிங்டன் அடியிலிருந்து கற்றுக்கொடுத்தார்.

2002 செப்டம்பர் 4. ஓக்லண்ட் 19 ஆட்டம் தொடர்ந்து வென்றிருக்கிறது. இருபதாவது ஆட்டத்தில் 11-0 என்று முன்னணி. கையில் இருந்த அந்த வெற்றி கொஞ்சம் கொஞ்சமாக நழுவி 11-11 ஆனது. ஒன்பதாம் இன்னிங்ஸில் மாற்று அடிகாரராக உள்ளே அனுப்பப்பட்டவர் ஹேட்டபெர்க். அடித்தார். பந்து வேலியைத் தாண்டியது. 12-11. இருபது வெற்றி, அமெரிக்கன் லீகில் அதற்கு முன் எவரும் தொடாத எண். பிராட் பிட் நடித்த ‘மணிபால்’ படத்தில் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பாய். கைதட்டிவிட்டு மறந்திருப்பாய். இனி மறக்காதே.

ஆல்பர்ட் புஹோல்ஸ் தெரியுமா? டொமினிக்கன் குடியரசில் பிறந்து, பதின்ம வயதில் அமெரிக்கா வந்த பையன். 1999இல் நிஜ அணிகள் ஆள் எடுத்த டிராஃப்டில் பதின்மூன்றாம் சுற்று, 402ஆவது பெயர். அவருக்கு முன்னால் 401 பெயர்களை வாசித்தார்கள்! அந்த 402ஆம் ஆள் மூன்று முறை லீகின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார், 703 ஹோம் ரன் அடித்துவிட்டு 2022இல் ஓய்வு பெற்றார். அன்றைக்குப் பட்டியல் எழுதியவர்கள் முட்டாள்கள் இல்லை. தொழிலே அதுதான் அவர்களுக்கு. அவர்களே தவறினார்கள் என்றால், நீ ஏன் பட்டியலைச் சாமியாகக் கும்பிடுகிறாய்?

அமெரிக்காவை விடு, நம் வீட்டுக்கு வா. பயிற்சியாளர் கே. ராஜகோபால். 2009 லாவோஸ் சீ விளையாட்டில் இருபது வருஷத்துக்குப் பிறகு மலேசியாவுக்குக் காற்பந்துத் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். அந்த இளைஞர்களில் பலரை நம்பி 2010 ஏஎஃப்எஃப் கிண்ணத்துக்குப் போனார். டிசம்பர் 1, ஜகார்த்தா, முதல் ஆட்டம்: இந்தோனேசியாவிடம் 1-5. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? நான் என்ன செய்திருப்பேன்? அணியையே கலைத்திருப்போம். அவர் தான் தேர்ந்தெடுத்த பிள்ளைகளோடு நின்றார். தாய்லாந்தோடு சமன், லாவோஸை 5-1, அரையிறுதியில் வியட்நாமை வெளியே அனுப்பினார்கள். இறுதியில் மறுபடியும் அதே இந்தோனேசியா. புக்கிட் ஜாலிலில் 3-0. டிசம்பர் 29 ஜகார்த்தாவில், அந்தப் பெருங்கூச்சலுக்கு நடுவில், 21 வயது கோல்காவலர் கைருல் ஃபாமி ஒரு பெனால்டியைப் பிடித்தார். ஆட்டம் 1-2, மொத்தத்தில் 4-2. மலேசியாவுக்கு முதல் கிண்ணம். தேர்ந்தெடுத்தவர் ஒரு தமிழர். ஒரு ராத்திரியில் ஐந்து கோல் வாங்கிய பிறகும் தன் கண்ணை அவர் சந்தேகிக்கவில்லை.

இதை நீ விளையாட்டோடு விட்டுவிடுவாய் என்றுதான் எனக்குப் பயம். எஸ்பிஎம் முடிவு வந்த வாரத்தில் இதே கடையில் உன் தம்பிமார்களைப் பார்க்கிறேன். "என்னப்பா எடுக்கப் போற?" "கூட்டாளி எடுத்ததையே எடுக்கிறேன் ஐயா." அவன் ஓடுகிறவன், நீ நின்று பிடிக்கிறவன், இரண்டு பேருக்கும் எப்படி ஒரே மூலை பொருந்தும்? உன் கை இடதுகை என்றால் இடதுகைக்கு எங்கே இடம் இருக்கிறது என்று தேடு. தோட்டத்தை விற்றபோது உன் தாத்தாவிடம் யாரும் கேட்கவில்லை. உன்னிடம் கேட்கிறார்கள். கேட்கும்போது வாயைத் திற!

ஆகவே தம்பி, இன்றிரவு ஷிப்டுக்குப் போகும் முன் ஒரு தாள் எடு. உன் முதல் மூன்று சுற்றில் யார் யார் வரக்கூடும், அவர்களால் எது நிறையும், எது குறையும் என்று எழுது. முதல் பேஸுக்கு ஐந்து பெயர் வை. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் காரணம் எழுது, உன் சொந்த வாக்கியத்தில். ஐந்து பெயரையும் மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போனால்? போகட்டும். காரணம் உன்னிடம் இருக்கிறது. ஆறாவது ஆளை அது கண்டுபிடித்துத் தரும். தோற்றால் உன் தேர்வால் தோற்றாய், அடுத்த மார்ச்சில் எதைத் திருத்துவது என்று தெரிந்திருக்கும்.

மணி ஆறே முக்காலுக்கு எனக்குக் கூப்பிடு. விழித்துத்தான் இருப்பேன். அந்த ஆளை ஏன் எடுக்கிறாய் என்று கேட்பேன். தாளைப் பார்க்காமல் சொல்.