வாடியது துவரை; நீ வாடாதே!

பூவெடுத்து நின்ற துவரை ஒரே வாரத்தில் இலை தொங்கிப்போகும். மண்ணில் ஈரம் இருக்கும், மழைகூடப் பெய்திருக்கும். ஆனாலும் செடி தண்ணீர் காணாததுபோலத் தவித்துக் கருகும். ஏலகிரி அடிவாரத்திலும், திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்து மேட்டுக் கொல்லைகளிலும் இதைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்: "இந்த மண்ணுக்குத் துவரை ராசியில்லை." அடுத்த வருடம் அந்தக் கொல்லை கரம்பு. அதை உழுதவர் விடிகாலையில் ஷூ கம்பெனி வண்டிக்காக ரோட்டோரம் நிற்கிறார்.

கம்பெனி வேலை குறைந்த வேலையல்ல. எங்கே உழைத்தாலும் உழைப்பு உழைப்புதான். ஆனால் "நான் தோற்றுவிட்டேன்" என்று நினைத்துக்கொண்டு நிலத்தைவிட்டு இறங்குகிறாயே தம்பி, அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. நீ தோற்கவே இல்லை. எதிரி யார் என்று பார்க்காமலே களத்தைவிட்டு வந்துவிட்டாய், அவ்வளவுதான்.

அந்த எதிரிக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு. ஃபியூசேரியம் உடம் என்ற பூஞ்சாணம். எட்வின் பட்லர் என்ற ஆய்வாளர் 1910-லேயே அதை விவரித்து எழுதிவிட்டார். நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த எதிரியை இன்றும் ராசி என்றும் கண்ணேறு என்றும் சொல்லித் தலைகுனிவதா?

வாடிய செடியைப் பிடுங்கி வரப்பில் வீசிவிட்டுப் போகாதே. கையில் எடு. அடித்தண்டிலிருந்து மேல்நோக்கி ஊதா நிறத்தில் ஒரு பட்டை ஏறியிருக்கிறதா பார். கத்தியால் தண்டை நீளவாக்கில் பிளந்து பார். உள்ளே பழுப்பாகவோ கறுப்பாகவோ கோடு ஓடினால் அதுதான் வாடல் நோய். மெல்லிய வேர் வழியாக நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடுகிறது அந்தப் பூஞ்சாணம். ஈரமான மண்ணில் நின்றபடியே செடி தாகத்தில் சாகும் காரணம் அதுதான்.

காய் பிடிக்கும் முன்பே வாடினால் அந்தச் செடியின் மகசூல் முழுவதும் போகும். முற்றும் பருவத்தில் வாடினால் ஏறக்குறைய 67 சதவீதம், அறுவடைக்குச் சற்று முன்பென்றால் 30 சதவீதம் இழப்பு என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வாடிய செடியின் கட்டையிலும் வேரிலும் இந்தப் பூஞ்சாணம் மூன்று வருடம்வரை மண்ணில் உயிரோடு கிடக்கும். நீ அலுப்பில் விட்டுவிட்டு வந்த அந்தக் கட்டைதான் அடுத்த போகத்தின் நோய். அதைப் பிடுங்கி எரிக்க உனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இன்னொன்று. எல்லா நோயும் பூஞ்சாணம் அல்ல. செடி வெளிர்ந்து, புதர்போல அடர்ந்து, பூக்காமலே நின்றால் அது மலட்டுத் தேமல். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் பரப்பும் வைரஸ். உளுந்தில் இலை மஞ்சள் மஞ்சளாகத் திட்டுப்போட்டால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ். இவற்றுக்குப் பூஞ்சாண மருந்து அடிப்பது காசைக் காற்றில் விடுவது. பனிக்காலத்தில் உளுந்து இலைமேல் வெள்ளையாய் மாவு பூத்தால் அது சாம்பல் நோய். அது பூஞ்சாணம்தான், தொடக்கத்திலேயே 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசலைப் பத்து நாள் இடைவெளியில் இரண்டுமுறை தெளித்தால் கட்டுப்படும். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் பாட்டிலை மறுபேச்சில்லாமல் வாங்கி வருகிற பழக்கத்தை முதலில் விடு. உன் செடியை உன்னைவிட நெருக்கமாகப் பார்த்தவர் யார்?

ஐதராபாத் அருகே பட்டாஞ்செருவில் இக்ரிசாட் என்ற பன்னாட்டு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே வாடலை எதிர்க்கும் துவரையை எப்படித் தேடினார்கள் தெரியுமா? நல்ல மண்ணில் வளர்த்துப் பார்க்கவில்லை. வாடிச் செத்த செடிகளை நறுக்கி மண்ணில் கலந்து, நோய் குடிகொண்ட வயலை வேண்டுமென்றே உண்டாக்கினார்கள். ஆயிரக்கணக்கான வகைகளை அதில் விதைத்தார்கள். பெரும்பாலானவை சாய்ந்தன. சாயாமல் நின்றதை எடுத்து மறுபடி அதே மண்ணில் போட்டார்கள். அப்படித் தேறிய ஒரு வகைதான் 1986-ல் கர்நாடகத்தில் 'மாருதி' என்ற பெயரில் உழவர்களிடம் போனது. கெட்டுப்போன மண்ணே அங்கே பரீட்சைக் களமாயிற்று. உன் கொல்லையில் சுற்றிலும் எல்லாம் வாட, பச்சையாகத் தனித்து நின்ற நாலு செடியை நீ எப்போதாவது கவனித்தாயா? விதைக்கு அதை எடுத்து வைத்தாயா?

நம் முன்னோர் துவரையைத் தனியாக விதைக்கவில்லை. சோளத்தோடு, நிலக்கடலையோடு சேர்த்தே போட்டார்கள். சோளம் ஊடே நின்றால் துவரையில் வாடல் குறைகிறது என்று பின்னாளில் ஆய்வுகளும் காட்டின. படிக்காத பாட்டன் பார்த்துப் பார்த்துக் கற்றதை, படித்த பேரன் கைவிட்டான். திரும்ப எடுத்துக்கொள்.

இந்தப் பாலாற்றங்கரைக்குப் போராடத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதே. தோல் ஆலைக் கழிவால் இந்த வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானது என்ற தகவலோடு வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம்வரை போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. கேடு வருமுன் காப்பதும், கெடுத்தவனே ஈடுகட்டுவதும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. இன்று இந்தியாவில் பல சுற்றுச்சூழல் வழக்குகளில் வழக்கறிஞர்கள் எடுத்துக் காட்டுவது நம் ஊர்ப் பெயர் தாங்கிய அந்த வழக்கைத்தான்! நாட்டுக்கே வருமுன் காக்கும் சட்டத்தை வாங்கிக் கொடுத்த மண்ணில் பிறந்தவன், தன் விதைக்கு வருமுன் காப்பு செய்ய மறப்பதா?

வாடல் வந்தபின் மருந்து தேடி ஓடுவது வீண். செடிக்குள் அடைபட்ட குழாய் திறக்காது. சண்டை நடப்பது விதைப்புக்கு முன்னால். கோடையில் ஆழ உழு. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி கலந்து நேர்த்தி செய். அது பூஞ்சாணத்தைத் தின்னும் நல்ல பூஞ்சாணம். ஒரு ஏக்கர் துவரை விதைக்கு 50 கிராமுக்குள் முடிந்துவிடும். அதன்கூடவே கார்பென்டாசிம் போன்ற ரசாயனத்தைக் கலக்காதே. நோயைக் கொல்லும் அது உன் நண்பனையும் கொல்லும். பொட்டலத்தில் காலாவதித் தேதி பார். ஏக்கருக்கு 1 கிலோ ட்ரைக்கோடெர்மாவை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து மண்ணில் இடு. வாடல் கண்ட கொல்லையில் மூன்று வருடத்துக்குத் துவரை வேண்டாம். கேழ்வரகோ சோளமோ போடு. தண்ணீர் தேங்கும் மூலைக்கு வடிகால் வெட்டு. இதில் எதற்காவது பெரும் பணம் வேண்டுமா? எதற்காவது சிபாரிசு வேண்டுமா?

மைசூர்ப் பருப்பைத் தின்று பழகாத கனடா நாட்டு உழவர்கள், சஸ்காட்சுவான் மாநிலத்துக் குளிரில் அதை விளைவித்து, அஸ்கோகைட்டா கருகல் என்ற பூஞ்சாண நோயோடு பல்லாண்டு போராடி, இன்று நமக்கே ஏற்றுமதி செய்கிறார்கள். நம் சாம்பாருக்குத் துவரை மியான்மரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கப்பலேறி வருகிறது. துவரை, உளுந்து, மைசூர்ப் பருப்பு மூன்றிலும் தன்னிறைவு காண ஆறு வருடத் திட்டம் என்று 2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் மத்திய அரசு அறிவித்தது. அந்தத் திட்டம் டெல்லியில் விளையாது. ஏலகிரி அடிவாரத்துச் செம்மண்ணில், உன் கையால்தான் விளைய வேண்டும்.

எழுந்திரு தம்பி. தங்கையே, உனக்கும்தான் சொல்கிறேன். விதையைப் புடைத்துத் தேர்ந்து வைப்பது உன் கை. அடுத்துத் துவரை போடும் ஆடிப்பட்டத்தில் நேர்த்தி செய்த விதையை விதை. ஓரமாக நாலு சாலில் மட்டும் நேர்த்தி செய்யாத விதையைப் போட்டு, இரண்டிலும் வாடிய செடிகளை நீயே எண்ணிப் பார். சந்தேகம் வந்தால் வாடிய செடியை வேரோடு எடுத்துக்கொண்டு விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போ. வாடலைத் தாங்கும் துவரை ரகம் எது, விதை எங்கே கிடைக்கும் என்று நேராகக் கேள். பதில் சொல்லத்தான் அவர்கள் அங்கே இருக்கிறார்கள்.